பேசும் திரைக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கோவை சிங்காநல்லூரில் திருச்சி சாலையை விட்டு எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் ஒரு லேத், ஒரு மோட்டார் பட்டறை, ஒரு உதிரிபாகக் கடை தட்டுப்பட்டுவிடும். முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் ஓடுவது பல இடங்களில் உள்ளூர்க்காரர் யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சாஃப்ட்வேர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கு வரவு, ஜாப் ஒர்க் கூலி, ஜிஎஸ்டி, யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் எல்லாம் அதற்குள்தான்.

அந்த நாற்காலிக்கு, பி.காம். முடித்த, பார்வையில்லாத இளைஞர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“தம்பி, கம்ப்யூட்டருல பில்லு போடுவீங்களா?”

“போடுவனுங்க.”

“கண்ணு தெரியாம எப்படீங்க?”

“திரையில இருக்கறத அது படிச்சுச் சொல்லுமுங்க.”

முதலாளி நல்ல மனிதர், உட்காரச் சொல்கிறார். இளைஞர் பென்டிரைவைச் செருகுகிறார். எக்ஸெல் திறந்தால் கட்டத்துக்குக் கட்டம் குரல் வருகிறது. மின்னஞ்சலும் வருகிறது. பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்ததும் “விண்டோ” என்று ஒரு சொல். அதோடு குரல் நின்றுவிடுகிறது. திரை முழுக்க எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அவருக்கு ஒன்றுமே இல்லை. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த நொடியில் முடிவாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது. அதை உடைக்கும் மென்பொருளை எழுதியவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதைப் பற்றியதும்தான்.

எழுத்து படமான கதை

டாஸ் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து. எந்த இடத்தில் என்ன எழுத்து என்பது கணினியின் நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துக் குரல் கருவிக்கு அனுப்பினால் போதும். ஐபிஎம் நிறுவனத்தில் கணிதவியலாளர் ஜிம் தாட்சர் 1980-களின் நடுவில் அப்படியொன்றை எழுதினார். விபத்தில் பார்வை இழந்த முன்னாள் மோட்டார் பைக் பந்தய வீரர் டெட் ஹென்டர் 1989-இல் ‘ஜாஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டார்.

பிறகு விண்டோஸ் வந்தது. திரையில் எழுத்து என்று ஒன்று இல்லாமல் போனது. எல்லாம் புள்ளிகள், படம். கண்ணுள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவில் அதுவரை கணினியில் வேலை பார்த்துவந்த பார்வையற்றோருக்கு, அலுவலகம் விண்டோஸுக்கு மாறினால் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம்.

அதற்குக் கண்டுபிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. துணியாக நெய்து முடித்த பிறகு நூலை எண்ணுவது கடினம். தறிக்குள் போகும்போதே எண்ணிவிடலாம். சிங்காநல்லூர் மில் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சாஃப்ட்வேர் திரையில் “மொத்தம் 4,720” என்று காட்ட வேண்டுமானால், “இந்த எழுத்துகளை இந்த இடத்தில் வரை” என்று விண்டோஸிடம் முதலில் கேட்டாக வேண்டும். அந்தக் கோரிக்கையை வழியிலேயே மறித்து, எழுத்து எது, இடம் எது என்று தனியாகக் குறித்துவைத்துக்கொண்டால், திரைக்குப் பின்னால் இன்னொரு திரை கிடைத்துவிடும். எது அழிந்தது, எதன் மேல் எது விழுந்தது, எந்த வரி நீலப் பட்டையில் இருக்கிறது என்பதையும் விடாமல் தொடர வேண்டும். ஒன்று தவறினாலும் போன மாத பாக்கியை இந்த மாத பாக்கியாகப் படித்துவிடும்.

எழுதுவது கடினம், பராமரிப்பது அதைவிடக் கடினம். அதனால் விலை ஏறியது. 1995-இல் வந்த விண்டோஸ் ஜாஸின் விலை ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டியே பல காலம் இருந்தது. பல நேரங்களில் கணினியைவிட அதைப் பேசவைக்கும் மென்பொருள் விலை அதிகம்.

விண்டோஸிலேயே ‘நேரேட்டர்’ என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, விண்டோஸ் 10-க்குப் பிறகு நன்றாகவே தேறியிருக்கிறது. ஆனால் அது, “நான் ஒரு பட்டன், என் பெயர் சேமி” என்று ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஏற்பாட்டை நம்பி இயங்குவது. மைக்ரோசாஃப்ட் 1997-இலேயே அப்படியொரு ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது. பெரிய நிறுவனங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன. பட்டறைக்கு பில்லிங் எழுதிக்கொடுத்தவர் அப்படி ஒன்று இருப்பதையே அறிந்திருக்க மாட்டார். அவர்மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் படித்த கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டு பையன்களும் ஒரு பென்டிரைவும்

2006 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையில்லாத கல்லூரி மாணவர், திரையைப் படித்துச் சொல்லும் ‘ஸ்கிரீன் ரீடர்’ ஒன்றைத் தானே எழுதத் தொடங்கினார். பார்வையுள்ள ஒருவர் கணினி வாங்கினால் அதோடு திரையும் வருகிறது. பார்வையில்லாதவர் மட்டும் ஏன் அதற்குமேல் ஒரு கணினியின் விலையைத் தர வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். அவருக்கும் பார்வை இல்லை. மென்பொருளின் பெயர் என்விடிஏ. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 2007-இல் ‘என்வி ஆக்ஸஸ்’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பைப் பதிவுசெய்தார்கள்.

இது வெறும் ஆர்வக்காரர்கள் கதையாக முடியாமல் போனதற்குக் காரணம் பணம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோஸில்லா அறக்கட்டளை நிதி தந்தது. அதில் தருமம் பாதி, தேவை பாதி. தன் உலாவி பார்வையற்றோருக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, உள்ளே கைவைத்துப் பார்க்கக்கூடிய ஒரு ஸ்கிரீன் ரீடர் மோஸில்லாவுக்கும் தேவைப்பட்டது. பின்னால் மைக்ரோசாஃப்ட், அடோபி போன்றவையும் உதவின. படிப்புக்கு நடுவே இரவில் செய்த வேலை, பகல் முழுக்கச் செய்யும் வேலையானது அப்படித்தான்.

பட்டறை பில்லிங் விவகாரத்துக்கு விடை வந்தது 2010-இல். அந்த ஆண்டின் 2010.2 பதிப்பில்தான், திரையில் எழுதப்படும் எழுத்தை வழியிலேயே பிடித்துப் படிக்கும் வசதி என்விடிஏவில் சேர்ந்தது. அதுவரை வாய்திறக்காத பல சாஃப்ட்வேர்கள் அதன்பின் பேசின. பழைய முறையில் இதற்கென வீடியோ டிரைவர் ஒன்றைக் கணினியில் ஆழமாக நிறுவ வேண்டியிருந்தது. இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடும் சாஃப்ட்வேருக்கு உள்ளேயே நுழைந்து எழுத்தைப் பிடித்தார்கள். அதனால் என்விடிஏவை எங்கும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். பிரவுசிங் சென்டரிலோ பட்டறையிலோ “எங்க சிஸ்டத்துல எதையும் ஏத்தக்கூடாது” என்று சொல்லும் இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேலை தேடி அலைந்தவருக்குத்தான் தெரியும்.

அதே 2010, அதே கோவை

அதே ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அவினாசி சாலை கொடிசியா வளாகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்ததும், ஊர்வலம் போனதும் பலருக்கு நினைவிருக்கும். கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நாளை ஒட்டி, யுனிகோடையும் டேஸ்-16 என்ற 16 பிட் குறியீட்டையும் தமிழுக்கான தரமாக அறிவித்துத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. மேடைப் பேச்சுகள் மறந்துபோயிருக்கலாம். பார்வையில்லாத வாசகருக்கு அந்த மாநாட்டின் ஆகப்பெரிய விளைவு இந்த ஆணைதான் என்பேன்.

காரணம் இது. அதற்கு முன்பு தமிழ் தட்டச்சு செய்ய பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு. இவற்றில் பலவற்றில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். திரையில் மட்டும் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த ஆவணத்தை ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால், “ஜே கே பி ஓ செமிகோலன்” என்று வாசிக்கும். எழுத்தைப் பிடிக்கும் மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பிடிபடுவதுதான் தமிழ் இல்லை. யுனிகோடு வந்த பிறகே பிடிபட்ட எழுத்து தமிழானது. பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களும், காகிதத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பிடிஎஃப்களும் இன்னும் குவிந்துதான் கிடக்கின்றன. அவற்றைக் கட்டிக்கொண்டு அழுவது தனிக் கதை.

பிடிபட்ட தமிழைப் பேசவும் ஒரு குரல் வேண்டும். என்விடிஏவோடு வரும் ‘இஸ்பீக்’, ஜொனாதன் டடிங்டன் என்ற ஒருவர் உருவாக்கிய இலவசக் குரல் இயந்திரம். அதில் தமிழ் உண்டு. இரும்புத்தனமான குரல்தான், முதல் தடவை கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் பழகியவர்கள் அதை நமக்குப் புரியாத வேகத்துக்கு ஏற்றிவைத்துக் கேட்பார்கள். இனிமையான குரல்கள் அந்த வேகத்தில் குழறிவிடும்.

இங்கேயும் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் கல்யாணகிருஷ்ணன் குழு பல மொழிகளில் தட்டச்சு செய்து கேட்கக்கூடிய மென்பொருளை இலவசமாகத் தந்தது; சென்னை ‘வித்யா விருக்ஷா’ அமைப்பு அதை வைத்துப் பார்வையற்றோருக்குப் பயிற்சி கொடுத்தது. பிறகு அதே ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முன்னின்று நடத்திய கூட்டுத் திட்டம், மத்திய அரசு நிதியில், பல இந்திய மொழிகளுக்குக் குரல்களை உருவாக்கி அவற்றை என்விடிஏவோடும் இணைத்தது. தமிழ்க் குரலில் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரிக்குப் பெரும்பங்கு. பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி, ஹன்ஸ் ஃபவுண்டேஷன் நிதியில், 15 இந்திய மொழிகளில் இஸ்பீக், என்விடிஏ இரண்டையும் வளர்க்கும் திட்டத்தை நடத்தியது. என்விடிஏவின் மெனுவையும் கையேட்டையும் தமிழாக்கி, ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பிக்கும் வேலை தன்னார்வலர்களுடையது.

திட்டம் முடிந்ததும் என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல். குரலை உருவாக்க நிதி உண்டு. விண்டோஸ் மாறும்போது அந்தக் குரலை மறுபடி பொருத்தித்தர நிதி இல்லை. ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். பில்லில் “ரூ.” என்று வந்தால் “ரூபாய்” என்று வாசிக்க வேண்டும். 1,25,000 என்றால் லட்சக் கணக்கில் சொல்ல வேண்டும். ‘2 எச்.பி. மோட்டார் வைண்டிங்’ என்று தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியில் தடுமாறக் கூடாது. இவற்றில் எதுவுமே பிஎச்.டி. ஆகாது. ஆனால் கணக்கு எழுதுபவருக்கு இவைதான் வேலை.

இலவசம் நின்றுபோகும்போது

லினக்ஸ் கணினிகளுக்கான இலவச ஸ்கிரீன் ரீடர் ‘ஆர்கா’. அதை வளர்த்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. ஆர்காவை வழிநடத்திய வில்லி வாக்கர் வேலையிழந்தார். ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒரு பெண்மணி எடுத்து நடத்தியதால் அது பிழைத்தது. ‘விண்டோ-ஐஸ்’ என்று இன்னொன்று: 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இலவசம் என்று அறிவித்தார்கள். மூன்றே ஆண்டில், 2017-இல், மென்பொருளையே மூடிவிட்டார்கள். என்விடிஏவின் ஜேம்ஸ் டேவும் அதே 2017-இல் மோஸில்லாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. வீட்டு வாடகை எல்லோருக்கும் உண்டு.

எழுத்தைப் பிடிக்கும் வேலை இதில் தனியாக ஒரு தலைவலி. என்விடிஏ பிடிப்பது விண்டோஸின் பழைய வரையும் முறையில் எழுதப்படும் எழுத்தை. புதிய சாஃப்ட்வேர்கள் வேறு வழியில் வரைகின்றன; அங்கே அந்தக் கண்ணி எதையும் பிடிப்பதில்லை. மாற்றாக, திரையைப் படமாக எடுத்து எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் வசதி 2017-இல் சேர்ந்தது. அவசரத்துக்கு உதவும். ஆனால் படத்திலிருந்து படிப்பது ஊகம். 3-ஐ 8 என்று ஊகித்தால் நாவலில் பரவாயில்லை, வவுச்சரில் வேலை போய்விடும். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். அது தப்பாகச் சொன்னால், தப்பு என்று கண்டுபிடிக்கக் கண் வேண்டுமே!

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கியும் அரசு இணையதளமும் இனி தட்டிக்கழிக்க முடியாது, நல்லது. சிங்காநல்லூர்ப் பட்டறையின் பில்லிங் திரையை எந்த நீதிமன்றம் வந்து பார்க்கப்போகிறது? அங்கே கைகொடுப்பது எழுத்தைப் பிடிக்கும் மென்பொருள் மட்டுமே.

நான்கு மகன்கள், ஐந்து பங்கு

கோவைக்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சிங்காநல்லூரை ஒட்டிய பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. பிஎஸ்ஜி நிறுவனங்கள் முளைத்தது அதிலிருந்து. கண் என்றால் இந்த ஊருக்குத் தனிப் பிரியம்: சங்கரா கண் மருத்துவமனையும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இங்கே ஆயிரமாயிரம் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை எடுத்திருக்கின்றன. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஆசிரியர்களை உருவாக்கும் பாடம் பல்லாண்டாக நடக்கிறது.

எங்கள் ஊர்த் தர்மத்தில் ஒரு குறை உண்டு. அதற்குக் கல்வெட்டு வேண்டும். கட்டடம் என்றால் பெயர் பொறிக்கலாம், லேப்டாப் கொடுத்தால் புகைப்படம் எடுக்கலாம், கண் முகாம் நடத்தினால் பேனர் வைக்கலாம். “விண்டோஸ் புதுப்பிப்பால் உடைந்துபோன தமிழ்க் குரலைச் சரிசெய்தோம்” என்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவது? கண்ணை மீட்க முடிந்தவருக்கு ஊர் வாரி வழங்குகிறது. மீட்கவே முடியாதவருக்கு வெள்ளைக் கைத்தடியோடு நிறுத்திக்கொள்கிறது.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 5 கோடிக்கு 10 லட்சம். ஒரு நல்ல இளம் நிரலாளரின் ஓராண்டுச் சம்பளத்தை இந்தத் தொகையில் கொடுத்துவிடலாம். வெளிநாட்டில் செய்யும் வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால் ஆஸ்திரேலிய அமைப்புக்கு நேராக அனுப்ப வழியில்லை. மாற்றுத்திறனாளிகளின் கல்வி, வேலைத்திறன் ஆகியவை சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருப்பதால், இங்கேயே ஒரு கல்லூரியிலோ அறக்கட்டளையிலோ ஆளை அமர்த்தி, தமிழ்க் குரலையும் எழுத்துப் பிடிப்பையும் சீர்செய்யச் சொல்லலாம். என்விடிஏ திறந்த மூல நிரல் என்பதால் இங்கே திருத்துவது உலகத்துக்கெல்லாம் போய்ச் சேரும்.

“சம்பளத்துக்குக் கொடுத்தால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?” என்ற தயக்கம் கம்பெனிகளில் உண்டு. நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்குத்தான். திட்டத்தை நேரடியாக நடத்தும் ஆளின் சம்பளம் அதில் சேராது. தொடர்திட்டம் என்று அறிவித்துவிட்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் நடத்தலாம். அந்தந்த ஆண்டுக்குள் செலவாகாத தொகையை மார்ச் 31 கழிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். ஏப்ரலில் ஆள் எடுத்தால், முதல் ஆறு மாதம் உள்ளூர்ப் பட்டறைகளில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எது பேசுகிறது, எது பேசவில்லை என்று பட்டியல் எடுக்கவே சரியாக இருக்கும். அந்தப் பட்டியலை எடுக்க உட்கார வேண்டியவர், பார்வையில்லாத ஒரு பி.காம். பட்டதாரி.